தெருவைப் பார்த்துச் சொல்

என் வயதுக்காரர்களிடம் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். நாகமலைக்கு மேற்கே உள்ள ஊர்களில் பிறந்து, படித்து, இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் வாடகை வீடுகளில் இருப்பவர்களிடம். உங்கள் வீட்டில் பொழுது சாயும் நேரத்தில் பேர் கூப்பிட்டார்களா? கூப்பிட்டிருந்தால், எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொன்னீர்கள்?

எங்கள் வீட்டில் கூப்பிட்டார்கள். அப்பாவைப் பெற்றவரை நாங்கள் ஐயா என்போம். அவருடைய பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். விளக்கு வைத்ததும் ஐயா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூத்தவரில் தொடங்கி ஒவ்வொரு பேராகச் சொல்வார். பேருக்கு உரியவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். "வந்துட்டேன்", "இந்தா இங்கதான்", "என்னய்யா" எதுவும் செல்லாது. அந்த "இருக்கேன்" என்பதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. தெருவைப் பார்த்து, சத்தமாகச் சொல்ல வேண்டும். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். எதிர்வீட்டு ஆடு நிற்கும். வீட்டில் இல்லாதவர் எங்கே போயிருக்கிறார் என்பதை இன்னொருவர் சொல்லியாக வேண்டும்: தோட்டத்துக்கு, சந்தைக்கு, கொழுந்தியா வீட்டு விசேஷத்துக்கு. எல்லாப் பேரும் முடிந்த பிறகுதான் ஐயா சாப்பாட்டில் கை வைப்பார்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வகுப்பில் ஒருநாள் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். உங்க வீட்ல அட்டெண்டன்ஸ் எடுப்பாங்களாடி என்றாள் பக்கத்தில் இருந்தவள். டீச்சர் சிரிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "ம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார். அந்த "ம்" என்ன என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையைப் பற்றித்தான் எழுத வந்தேன். அந்தக் கோடையில்தான் அத்தை வேலைக்குப் போனாள். அப்பாவின் தங்கை, ஐயாவுக்குக் காலம் பிந்திப் பிறந்த கடைசிப் பிள்ளை. எங்கள் வீட்டிலிருந்து கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண். கப்பலூரில் பாட்டில் மூடி செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை. அத்தைக்கு அங்கே செக்கிங் வேலை. அச்சிலிருந்து விழுகிற மூடிகளை எடுத்து, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, நல்லது ஒரு கூடையிலும் கழிசல் இன்னொரு கூடையிலும் போட வேண்டும். கழிசலில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கி எனக்குக் கொண்டுவருவாள். சிவப்பு, நீலம், ஒரு மாதிரி மருந்துப் பச்சை. அவற்றை நிறவாரியாக, அளவுவாரியாக அடுக்கி வைப்பதுதான் அந்த விடுமுறையில் எனக்கு விளையாட்டு. இன்று மென்பொருளில் பிழை தேடுகிற வேலையில் இருக்கிறேன். அந்த மூடிகளில் தொடங்கியதோ என்று சில நேரம் தோன்றும்.

கம்பெனி அவளுக்கு ஒரு நீலக் கோட்டு கொடுத்திருந்தது. அதைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கு வரை நடந்து போவாள். கம்பெனி வேன் அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும். சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே போவேன். சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் மேல் சூடான பிளாஸ்டிக் வாடை அடிக்கும். அம்மா மூக்கைப் பொத்துவாள். எனக்குப் பிடிக்கும்.

ஒருநாள் ஐயா பேர் கூப்பிட்டபோது அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டாக நான் அவள் குரலில் "இருக்கேன்" என்றேன். ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து வந்ததுகூடத் தெரியவில்லை. கன்னத்தில் விழுந்தது. என்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"அடுத்தவுக பேருக்கு வாயத் தொறப்பியா? தொறப்பியா?" என்றார். குரல் நடுங்கியது. அடித்தவர் ஏன் நடுங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அடிக்கு எனக்கு இன்றும் கோபம் உண்டு. யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கம்பெனியில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டார்கள். வந்தவர்களை ஷிப்டு முடிந்தும் நிறுத்திக்கொண்டார்கள். தாமதமாகும் என்று அத்தை வேன் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். விலக்கில் இருக்கிற பெட்டிக்கடைக்காரரிடம் சொன்னால் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார், அதுதான் வழக்கம். அன்று பெட்டிக்கடைக்காரரும் அழகரைப் பார்க்கப் போய்விட்டார்.

விளக்கு வைத்தார்கள். ஐயா பேர் கூப்பிட்டார். கடைசிக்கு முந்தின பேர் அத்தையுடையது, கடைசி நான். அத்தை பேருக்குப் பதில் இல்லை. எங்கே போயிருக்கிறாள் என்று சொல்லவும் யாருக்கும் தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டார். வேன் பிந்தியிருக்கும்யா, உக்காருங்க என்றார் அப்பா. ஐயா உட்காரவில்லை. உள்ளே போய்ச் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பித்தான் வரை பூட்டினார். விலக்கு வரை போய்ப் பார்க்கப் போகிறார் என்று அம்மா நினைத்தாள். இருட்டத் தொடங்கினால் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் என்னையும் கூட அனுப்பினாள்.

அவர் விலக்குக்குப் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். உள்ளே பெஞ்சு காலியாக இருந்தது. அதில் உட்காராமல், சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஏட்டு நிமிர்ந்து பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி தன் அப்பா பேர், தன் பேர், மகள் பேர், ஊர் பேர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "இன்னைக்குப் பேர் கூப்புட்டப்ப வீட்ல இல்லீங்க. நாங்களா வந்து சொல்லீட்டோம்."

ஏட்டுக்குப் புரியவில்லை. பெண் ஓடிப்போன கேஸ் என்று நினைத்துக்கொண்டார்.

"யாரு கூட?"

"யாரு கூடவும் இல்லீங்க ஏட்டையா. ஆளு இல்ல. அதச் சொல்ல வந்தேன்."

எங்கே வேலை பார்க்கிறாள், என்ன கம்பெனி என்று ஏட்டு கேட்டார். ஐயா எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ஏட்டு ஊர்ப் பேரை மறுபடி கேட்டார். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ஓ, நீங்களா" என்றார். எங்களை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ஐயா வலது கையை நீட்டினார். விரல்களை விரித்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினார். ஏட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா கைய நீட்டுற? இங்க என்ன தர்மமா போடுறாங்க? போய்யா. பிள்ளை வந்தா வந்து சொல்லு."

ஐயா கையை மடக்கிக்கொண்டார். அவர் காசு கேட்கவில்லை. விரல்களில் மை வைக்கக் கையைக் கொடுத்தார். அது எனக்கு அப்போது தெரியாது. அந்த ஏட்டுக்கும் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒரு வழியாகப் போக, அவள் வேறு வழியாக வந்திருக்கிறாள். ஐயா அவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து அவள் பேரைக் கூப்பிட்டார். அவள் வாயில் சோற்றோடு தெருப்பக்கம் திரும்பி "இருக்கேன்" என்றாள். பிறகு என் பேர். நானும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எங்கே போய் வந்தோம் என்பதை நான் வீட்டில் சொன்னேன்.

அப்பா ஐயாவிடம் குரல் உயர்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன். "பொட்டப்பிள்ளை பேரக் கொண்டுபோயி ஸ்டேசன்ல சொல்லீட்டு வந்திருக்கீகளே, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" நாமளாச் சொல்லீட்டா ஒண்ணுஞ் செய்ய மாட்டாக என்று ஐயா தரையைப் பார்த்து முனகினார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நானும் அத்தையும் விலக்கில் நின்றோம். நீலக் கோட்டு, சாப்பாட்டுத் தூக்கு, எல்லாம் வழக்கம்போல. வேன் வந்தது. நிற்கவில்லை. எங்கள் முன்னால் வந்தபோது வேகம் குறைந்த மாதிரி இருந்தது. டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே இடது கையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். சன்னலோரம் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அத்தை வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடமிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு, என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தாள். வேலை இல்லையாம் என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நீலக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. மூடிகளை அம்மா பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள்.

வீட்டில் யாரும் போய் விசாரிக்கவில்லை, தீர்ப்பு உடனே எழுதப்பட்டது. ஐயா போலீசில் போய் உளறியதால் போலீஸ் கம்பெனிக்குப் போனது, கம்பெனிக்காரன் பயந்துவிட்டான், அத்தைக்கு வேலை போனது. அப்பா சொன்னார், பெரியப்பா சொன்னார், வந்து போன சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதே வருடம் அழகர்கோவில் பக்கம் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவசரமாக அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணப் பந்தலில்கூட, மாமா, பொண்ணு இருக்கான்னு ஒருக்காப் பேர் கூப்புட்டுப் பாத்துக்கங்க என்று ஒருவர் ஐயாவிடம் கேலி பேசினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஐயா பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் நாற்காலியை எடுத்து வீட்டுக்குள் போட்டு உட்கார்ந்துகொள்வார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். மறு வருடம் இறந்துபோனார். அப்போதும் அவர் கிறுக்கர்தான்.

நான் கல்லூரி விடுதியில் இருந்தபோதுதான், நூலகத்தில் எதையோ தேடப்போய், கைரேகைச் சட்டத்தைப் பற்றிப் படித்தேன். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சட்டம். சில சாதிகளில் பிறந்தவர்கள் எல்லாருமே திருடர்கள், எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை, பிறந்ததே போதும். ஆண்கள் எல்லாரும் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். இருட்டினால் வீட்டை விட்டுப் போகக் கூடாது. போலீஸ்காரர் தெருவில் நின்று பேர் கூப்பிடுவார், வீட்டுக்குள் இருப்பவர் "இருக்கேன்" என்று தெருவுக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். இல்லாதவருக்குச் சிறை. எங்கள் சாதிப் பெயரை இங்கே எழுதவில்லை. மேற்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் அவர்களும் "ம்" என்பார்கள்.

சுதந்திரத்துக்கு முன்பின்னாக அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஐயா அப்போது பையன். ஆண்களை மட்டும்தான் கூப்பிட்டார்கள். ஐயா பெரியவரானதும் பெண்களையும் சேர்த்துக்கொண்டார், யார் பேரும் விடுபட்டுப்போகக் கூடாது என்று. அவருக்கு யாரும் வந்து இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. எங்களுக்கும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் போனில் கேட்டேன். அதெல்லாம் இப்ப எதுக்கு உனக்கு, பரிட்சைக்குப் படி என்றார். தெரிந்தே இருந்திருக்கிறார். தெரிந்துகொண்டே கிறுக்கு என்றிருக்கிறார்.

இவ்வளவும் இப்போது எழுதுவதற்குக் காரணம் பெரியப்பா. குலசாமி கோயில் மாசித் திருவிழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அவர்தான் குழுத் தலைவர். ஐயாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார். பேர் கூப்பிட்டதையும் ஸ்டேஷனுக்குப் போனதையும் எழுதி அனுப்பினேன். அன்றே போன் வந்தது.

"ஆத்தா, நல்லாத்தான் எழுதியிருக்க. அந்த ஸ்டேசன் சமாச்சாரத்த மட்டும் எடுத்துரு. போலீச எதுத்து நின்ன சனம் நாம. எங்கய்யா கையக் கட்டி நின்னாருன்னு போட்டா எவன் மதிப்பான்?"

அவரை நீங்களே மதிக்கவில்லையே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பொறுமையாக, எதிர்த்து நின்றவர்களும் உண்டு, கைகட்டி நிற்க வைக்கப்பட்டவர்களும் உண்டு, இரண்டும் நம் வீடுதான் என்றேன். மலர்ல அதுக்கெல்லாம் இடம் கிடையாது என்றார். வீரப் பரம்பரை என்று அட்டையில் போடுவதற்கு மட்டும் இடம் இருக்கிறது. ஒரு கூட்டம் நம்மைத் திருடர்கள் என்று எழுதிவைத்தது. நாம் அதை அழித்துவிட்டுச் சிங்கங்கள் என்று எழுதிக்கொள்கிறோம். ராத்திரிச் சோற்றை எதிரில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்ட மனுசனுக்கு இரண்டிலும் இடமில்லை.

கட்டுரையைத் திருத்துவதற்கு முன் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன வாரம் அழகர்கோவில் பக்கம் போனேன். கடையில் தனியாக இருந்தாள். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். தண்ணீர் பாட்டில் வாங்கிப்போயிருந்தேன். பேசிக்கொண்டே அதன் மூடியைத் திருகி எடுத்து நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "பிசிறு இருக்கு பாரு. நானா இருந்தா இத விட்டிருக்க மாட்டேன்" என்று சிரித்தாள்.

பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஐயாவின் கிறுக்கால் வேலை போனது என்று வீட்டில் சொன்னார்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"கிறுக்கு இல்லடி. எங்கய்யாவுக்கு ஒரு அண்ணன் இருந்திருக்காரு. பேர் கூப்புடுறப்ப அவரு தோட்டத்துல நின்னுட்டாரு. பிள்ளையக் காப்பாத்துறேன்னு அவுகப்பா அவரு குரல்ல இருக்கேன்னு சொல்லியிருக்காரு. போலீஸ்காரன் உள்ள வந்து பாத்துட்டான். அப்பனையும் மகனையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மகன் வரவே இல்ல. அப்பன் வந்தாரு, ஒரு கை விளங்கல. நாமளா முந்திப் போயிச் சொல்லியிருந்தா விட்டுருப்பாகன்னு எங்கய்யா சாகுற மட்டும் நம்பினாரு."

இத்தனை வருடம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். என் கன்னத்தில் விழுந்த அடி அப்போதுதான் எனக்கு விளங்கியது என்பதையும் சொன்னேன். அவள் மூடியைத் திரும்பப் பாட்டிலில் திருகினாள். சொல்லாமல் வைத்திருந்தது இன்னொன்றும் இருக்கிறது என்று, வேன் நிற்காமல் போன அன்று பஸ்ஸில் கப்பலூர் போனதைச் சொன்னாள். மேனேஜர் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து பேசியிருக்கிறார். கோபமாகப் பேசவில்லையாம். ஏட்டு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: இந்தப் பிள்ளை சேர்ந்ததுக்கு அப்புறம் இங்கே எதுவும் காணாமல் போயிருக்கிறதா? எதுவும் போகலைன்னுதாம்மா சொன்னேன் என்றாராம் மேனேஜர். சொல்லிவிட்டு, "ஆனா இனிமே எதாச்சும் போனா நான் என்னம்மா செய்ய?" என்றாராம்.

வேலை போனது அந்தக் கேள்வியால். வீட்டில் இருந்த எல்லாரும், நானும்தான், ஐயாவால் என்று நம்பியிருந்தோம். அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு நாள்கூட நஷ்டமில்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு எங்கோ பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"அண்ணன்மாருட்ட சொல்லியிருந்தா கம்ப எடுத்துட்டுக் கெளம்பியிருப்பாக. அப்புறம் அவன் கேட்டது சரின்னு ஆயிருமில்ல" என்றாள் அத்தை. "எங்கய்யாட்ட மட்டும் சொன்னேன். அவரு கிறுக்கர் இல்ல, அவரால போகலன்னு அவருக்குத் தெரியட்டும்னு."

ஐயா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

ஒரு ஆள் வந்து தவிடு கேட்டார். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். அவர் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"மெதுவாக் கேட்டாரு. 'நெசமாவே எதுவும் காணாமப் போகலையில்ல ஆத்தா?'"

அவள் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஏட்டு கேட்டது எனக்கு ஆறிப் போச்சு. இது ஆறல" என்றாள்.

அப்படியானால் இதை நான் எழுத வேண்டாம் என்றேன். மலரில் எப்படியும் வராது, வேறு எங்கும்கூட வேண்டாம்.

"எழுது" என்றாள் அத்தை. "ரெண்டு பேரு கேட்டதையும் எழுது. மொதல்ல கேட்டது யாருங்கிறதையும் எழுது."

முதலில் கேட்டது ஏட்டு.